எல்லாவற்றுக்கும் சிலிக்கானா?

"ஒழுகுகிறதா? கொஞ்சம் சிலிக்கான் பூசுங்கள், நின்றுவிடும்" என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பசைக் குழாயை அவர் கையிலேயே கொடுத்து ஏணியில் ஏற்றிவிடப் போகிறேன். ஒழுகுவது, வெயில் காய்வதற்கென்று வீட்டை ஒட்டி, பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டால் கூரை போட்டுக் கட்டிய அறை. மழைக்காலம் முழுவதும் அதில் உட்கார்ந்திருப்பவை வாளிகள்தான். கேட்கிறவர்கள் அத்தனை பேரிடமும் இருப்பது ஒரே மருந்து. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கேட்க வேண்டியதே அதுதான். கூரையில் தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. மேலே சுவரோரத்தில் நுழைந்து, அலுமினியச் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வழியில் ஒரு திருகாணியோ இணைப்போ தடுக்கிற இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பூசுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற கதைதான். ஆனால் கூரை போட்டவர் அனுப்பிய ஆட்கள் ஒவ்வொரு முறையும் அதையே செய்தார்கள். ஒருவர் வெள்ளையில் பூசினார், அடுத்தவர் கறுப்பில், அதற்கடுத்தவர் நிறமே இல்லாததில். முன்பு பூசிக் காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் சரியாக ஒட்டாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? தெரியும். உத்தரவாதக் காலம் முடியும்வரை தாங்கினால் போதும் என்பதும் தெரியும். முடிந்த பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை.

சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால் முதல் வேலையே அந்த மூன்று நிறக் குப்பையைச் சுரண்டுவது. உலோகக் கத்தி போட்டால் பாலிகார்பனேட் கீறிப்போகும். தின்னர், அசிட்டோன் எதுவும் கிட்டே வரக்கூடாது, தகட்டில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நகமும்தான் கதி. இதில் இன்னொரு கூத்து: முன்பு பூசியவற்றில் ஒன்று காயும்போது வினிகர் நாற்றம் அடித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அந்த வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுக் காய்வது, பாலிகார்பனேட்டுக்கு ஆகாதது. இதற்கு வேண்டியது அந்த அமிலத்தை விடாத நியூட்ரல் வகை. குழாயின் முன்பக்கம் 'எல்லாப் பரப்புகளுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்து, எதற்கு ஏற்றதல்ல என்பது பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல்.

ஆனால் என் இரத்தம் கொதித்தது அந்தச் சின்னத் துளைகளைப் பார்த்தபோதுதான். கண்ணாடியோ தகடோ தாங்கும் சட்டத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் நுழையும் என்று எதிர்பார்த்தே அதைச் செய்கிறார்கள். நுழைந்தது வெளியேறக் கீழ் முனையில் வடிதுளைகள் இருக்கும். என் கூரையில் அந்தத் துளைகள் ஒவ்வொன்றையும் ஒரு மகானுபாவர் பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறார்! ஒழுகுகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஒழுக வேண்டிய இடத்தை மட்டும் துல்லியமாக அடைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் சட்டத்துக்குள் நிரம்பி அறைக்குள் இறங்காமல் வேறு எங்கே போகும்? உள்ளறைகள் கொண்ட தகட்டின் கீழ் விளிம்பிலும் இதே கதை. அங்கே காற்றும் ஈரமும் போய்வரும் நாடாவை ஒட்ட வேண்டும், மேல் விளிம்பில்தான் முழுக்க அடைக்கும் அலுமினிய நாடா. இரண்டு பக்கமும் அலுமினியம் ஒட்டியதால் தகட்டுக்குள் பாசி வளர்ந்து பச்சைக் கோடுகளாக நிற்கிறது. உள்ளே கைவிட்டுக் கழுவவும் முடியாது.

"ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பாலிகார்பனேட் மீட்டருக்கு ஏறத்தாழ 0.065 மில்லிமீட்டர் நீளும். 3 மீட்டர் தகடு, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். அதே நீளக் கண்ணாடி 1 மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளும். அதனால்தான் துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் லேசாகப் படிகிற அளவோடு நிறுத்தச் சொல்கிறார்கள். இங்கே துளை திருகாணிக்குக் கச்சிதம், வாஷர் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. நகர இடமில்லாத தகடு திருகாணியைச் சுற்றி நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்திருக்கிறது. இதை இன்னும் இறுக்க வேண்டுமாம்.

கூரை போட்டவர் கடைசியாகப் பேசியபோது "அது ஒழுகல் இல்லை, உள்ளே நீராவி படிந்து சொட்டுகிறது" என்றார். நீராவி படிவது உண்மைதான். மழையே இல்லாத குளிர்ந்த காலையிலும் கூரையின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நிற்கும். மழை பெய்தால் மட்டும், அதுவும் தென்மேற்கு மூலையில் மட்டும் வருகிற நீராவியை அவர்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதித்தேன். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பிலும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் தெரியாது. காணொளிகளில் ஒருவர் சிரித்துக்கொண்டே தனியாகச் செய்கிறார். உண்மையில் உள்ளே ஒருவர் நின்று கத்த வேண்டும், வெளியே இருப்பவருக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது. தகட்டின் மேல் காலும் வைக்க முடியாது. சட்டங்களின் குறுக்கே பலகை போட்டுத் தவழ வேண்டும். கடைசியில் அகப்பட்டது சுவரோரம். அங்கே சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, இடைவெளியை மூடும் உலோகத் தகட்டின் விளிம்பை உள்ளே செருகியிருக்க வேண்டும். இவர்கள் சுவர்ப் பூச்சின் மேலேயே ஒரு அலுமினியப் பட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதனால் ஒட்டினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

காடி வெட்ட வசதியாகக் கூரையின் ஓரத்துப் பாலிகார்பனேட் தகட்டைக் கழற்றினேன். அடிப்பக்கத்தில், அறையைப் பார்த்தபடி, உரிக்காமல் விட்ட மெல்லிய தாளின் ஒரு துண்டு. அதில் அச்சிட்டிருந்தது: 'இந்தப் பக்கம் வெளியே'. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தனை காலமும் அது என் தரை விரிப்பைப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பிப் போட்டால் போதாதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. மீதித் தகடுகளையும் இனித்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.