திறமை இருந்தால் வேலை தேடி வருமாம்

இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரீயூனியனில் நம்ம ஆள் மைக் பிடித்துப் பேசிய அந்த வீடியோவுக்கு இன்னும் ஹார்ட்டின் விழுந்துகொண்டே இருக்கிறது. "திறமை இருந்தா வேலை தேடி வரும். வேலை போச்சுன்னு அழறவங்க அப்டேட் ஆகாதவங்க." கைதட்டினவர்களில் ஆறு பேருக்காவது வேலை போய் உட்கார்ந்திருக்கும் என் நிலைமை தெரியும். சரி, இருக்கட்டும்.

வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விட்ட வேலைக்கு ஈடான வேலை இல்லை என்கிறேன். பதினெட்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங், கடைசியில் 22 பேருக்கு மேனேஜர். அதே வேலைக்குப் போனால், "ஹேண்ட்ஸ்-ஆன் ஆள்தான் வேணும் மேடம்." அதாவது, தானே உட்கார்ந்து டெஸ்ட் பண்ணுகிற ஆள். ஒரு படி இறங்கிக் கேட்டால், "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு இது சின்ன ரோல், ஆறே மாசத்துல போயிடுவீங்க."

2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு நிலை, மூத்த நிலை ஆட்கள்தான் என்று அவர்களே சொன்னார்கள். நான் அங்கே வேலை பார்த்தவள் இல்லை. ஆனால் நான் தேடும் அதே நாற்காலியைத்தானே அவர்களும் தேடுவார்கள்? அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் திறமை போய்விட்டதா?

அப்டேட் ஆகவில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், டெஸ்டிங்கை ப்ரோக்ராமே செய்யவைக்கும் ஆட்டோமேஷனைக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போட்டேன். ராத்திரி பதினொரு மணி வரை அமெரிக்கா கால் இருந்தால் நீங்களும் தள்ளித்தான் போட்டிருப்பீர்கள். இப்போது பிளேரைட் என்ற ஆட்டோமேஷன் டூலைப் படிக்கிறேன். போதுமா?

"வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. மேடவாக்கம் ஃப்ளாட் இஎம்ஐ இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்தது. போன வாரக் கல்யாணத்தில் ஒரு அத்தை, "இனிமேலாவது புள்ளைங்களைக் கவனி" என்றார். பந்தியில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வேலையை விட்டு எப்படிப் போனேன் என்பதும் தெரியட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு ஹெச்.ஆர். அழைப்பு, தலைப்பு 'கனெக்ட்'. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதில் மூன்று நிமிடம் நான் ம்யூட்டில் பேசியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்" என்றார்கள். செய்தேன். இப்போது இன்டர்வியூவுக்கு இன்டர்வியூ ஒரே கேள்வி: "கையில ஆஃபர் இல்லாம ஏன் ரிசைன் பண்ணீங்க?" ஊரே இமீடியட் ஜாயினர் வேண்டும் என்கிறது. நாளைக்கே சேர்கிறேன் என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அப்புறம் நண்பரே, 2009-இல் உங்களுக்கு வேலை தேடி வரவில்லை. எட்டு மாதம் சும்மா இருந்தீர்கள். உங்கள் ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை திருத்தி என் மேனேஜருக்கு அனுப்பியது நான். அந்த மெயில் இன்னும் ஜிமெயிலில் கிடக்கிறது.

கமெண்டில் கோர்ஸ் லிங்க் போடாதீர்கள். உங்கள் ஆபீஸில் க்யூஏ (டெஸ்டிங்) மேனேஜர் ஓப்பனிங் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.