ரைன் ஆணையம் 1986-இல் பிறந்ததல்ல

"1986 சாண்டோஸ் தீ விபத்துக்குப் பிறகுதான் ரைன் நதி நாடுகள் ஒன்றுசேர்ந்தன" என்று சொல்வது சரியல்ல. (சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, நச்சு ரைன் நதியில் கலந்த விபத்து அது.) சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஐந்தும் 1950-லேயே ரைன் பாதுகாப்பு ஆணையத்தைத் தொடங்கிவிட்டன. அதற்குச் சட்ட அடித்தளம் 1963 பெர்ன் ஒப்பந்தத்தில் கிடைத்தது. அப்புறமும் வேலை ஆமை வேகம்தான். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருந்த பொட்டாஷ் (உரத்துக்கான உப்பு) சுரங்கங்கள் ரைனில் விட்ட உப்புக் கழிவுக்காக மட்டும் பிரான்சும் நெதர்லாந்தும் பல வருடம் இழுபறியில் கிடந்தன. விபத்து எல்லாரையும் உலுக்கியது உண்மை. ஆனால் கூடிப் பேச ஓர் இடமும், சேர்ந்து தண்ணீரைச் சோதித்த பழக்கமும் ஏற்கெனவே இருந்தன. அதனால்தான், என் பார்வையில், மறு வருடமே சால்மன் மீனை 2000-க்குள் திரும்பக் கொண்டுவரும் இலக்கோடு ஒரு செயல்திட்டத்தை அவர்களால் ஏற்க முடிந்தது.