பலன் சொல்லும் டூலுக்கு நான் எழுதும் மேனுவல்

டாரோ சீட்டு எடுத்துப் பலன் சொல்கிற டூல் ஒன்றுக்கு டாக்குமென்டேஷன் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் 78 சீட்டு, அதில் 'பெரிய அர்கானா' என்ற பிரிவில் 22, 'சின்ன அர்கானா' என்ற பிரிவில் 56. அதுவரைக்கும் வம்பில்லை.

எண் போட ஆரம்பித்ததும்தான் தலைவலி. 1909-இல் வந்த ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டில் 'வலிமை' 8, 'நீதி' 11. பழைய மார்சேய் சீட்டுக்கட்டில் இந்த இரண்டும் அப்படியே இடம் மாறி இருக்கும். டூலில் இரண்டு கட்டும் உண்டு. 8 என்று கொடுத்தால் எந்தக் கட்டு என்று கேட்காமலே எதையோ எடுத்து நீட்டுகிறது. எதை? டூலை எழுதினவரைக் கேட்டால், "அதான் கோடுலயே இருக்கே" என்கிறார். (இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்?) 'முட்டாள்' சீட்டின் எண் 0. அதைக் கொடுத்தால், எண்ணே கொடுக்கவில்லை என்று எர்ரர் அடிக்கிறது. இதைத் "தெரிந்த குறைபாடுகள்" பகுதியில் நாசூக்காகச் சொல்ல வேண்டுமாம்.

சீட்டைக் கலைப்பது வெறும் ரேண்டம் நம்பர்தான் என்பதை மட்டும் மூச்சு விடக்கூடாது. ஆனால் டெஸ்ட் பண்ணுபவர்களுக்காக, ஒரே ஸீட் எண்ணைக் (ரேண்டம் கணக்கைத் தொடங்கி வைக்கிற எண்) கொடுத்தால், கெல்டிக் கிராஸ் என்ற சீட்டு விரிப்பு முறையின் 10 சீட்டும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் விழும் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதே பக்கத்தின் உச்சியில் மார்க்கெட்டிங் ஆட்கள் வைத்த வரி: "உங்கள் மனமே சீட்டைத் தேர்ந்தெடுக்கிறது." ரிவ்யூவில், இரண்டும் ஒத்துப்போகவில்லை, சரிசெய்யவும் என்று கமென்ட் வந்தது எனக்கு.