மன்றம் எதிர்த்தால் தீயணைப்பு நிலையம் தப்பிவிடுமா?

"இங்கிலாந்தில் உள்ளூர் மன்றம் (கவுன்சில்) எதிர்த்துத் தீர்மானம் போட்டால் தீயணைப்பு நிலையத்தை மூடவே முடியாது" என்ற செய்தி பரவுகிறது. இது தவறு. நம்பிச் சும்மா இருந்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

லண்டனில் நடந்ததைப் பாருங்கள். 2013இல் செலவைக் குறைக்க நிலையங்களை மூடும் திட்டத்தை, நகரின் தீயணைப்புப் பணிக்குப் பொறுப்பான தீயணைப்பு ஆணையமே ஏற்க மறுத்தது. அன்றைய மேயர் போரிஸ் ஜான்சன் தமக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டு அதை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட்டார். இஸ்லிங்டன், கேம்டன் உள்ளிட்ட 7 மன்றங்கள் உயர் நீதிமன்றம் சென்றும் தோற்றன. 2014 ஜனவரி 9 அன்று ஒரே நாளில் 10 நிலையங்கள் மூடப்பட்டன. 1872 முதல் இயங்கிவந்த கிளர்கன்வெல் நிலையத்தின் சிவப்புக் கதவுகளும் அன்றுதான் அடைபட்டன. 552 பணியிடங்கள் போயின.

அதற்காக எதிர்ப்பு வீண் என்றும் சொல்லிவிடாதீர்கள். முதல் திட்டப்படி 12 நிலையங்களை மூடி, 18 தீயணைப்பு வண்டிகளை நீக்க இருந்தார்கள். மக்கள் கருத்துக் கேட்புக்குப் பிறகு அது 10 நிலையங்கள், 14 வண்டிகள் எனக் குறைந்தது. கிளாப்பம், நியூ கிராஸ் நிலையங்கள் பிழைத்தன. மன்றத் தீர்மானம் முடிவெடுப்போரைக் கட்டுப்படுத்தாது. எனவே உங்கள் பகுதி நிலையத்தை மூடும் திட்டம் வந்தால், கருத்துக் கேட்பு முடிவதற்குள் உங்கள் கருத்தையும் எழுதி அனுப்புங்கள்.