சடை சீனரின் ஆதி மரபா?
'முன்தலையை மழித்துப் பின்னால் நீளச் சடை பின்னுவது சீனரின் ஆதி மரபு' என்று ஒரு கட்டுரையில் வருவது சரியில்லை. அது, வடகிழக்கிலிருந்து வந்து சீனாவைப் பிடித்த மஞ்சு இனத்தாரின் ஆட்சி, பெரும்பான்மைச் சீனரான ஹான் இன ஆண்கள் மீது 1645இல் திணித்தது; மறுத்தால் தலை போகும். கிழக்குச் சீனாவின் ஜியாங்யின் நகரத்தார் எதிர்த்து நின்று, ஏறக்குறைய 80 நாள் தாக்குப்பிடித்து, கடைசியில் படுகொலைக்கு ஆளானார்கள். அதற்கு முன், ஹான் அரசர்களின் மிங் வம்சக் காலத்தில், ஆண்கள் உச்சியில் கொண்டை முடிந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், மஞ்சு ஆட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சியை ஒட்டிச் சடையை அறுக்கச் சொன்னபோது மறுத்து அழுதவர்களிலும் ஹான் சீனர்கள் உண்டு! இதைப் போலவே சீனரின் ஆதி மரபு என்று பலர் நினைக்கும் சியோங்சாம் என்ற உயர்கழுத்துப் பெண்கள் உடையும் 1920, 30களின் ஷாங்காயில் வடிவெடுத்ததுதான். சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீனப் பாட்டி புத்தாண்டுக்கு அதைத்தான் உடுத்துவார். பேத்தியோ மஞ்சு ஆட்சிக்கு முந்தைய ஹான் உடையான ஹான்ஃபூவை வாங்கி வந்து 'இதுதான் அசல்' என்று அவரிடம் மல்லுக்கு நிற்கிறாள்.