'போயிட்டு வரேன்' சொல்லக்கூடவா விடமாட்டீர்கள்?

எங்களுடையது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். தை பிறந்துவிட்டால் ராத்திரி 12 மணி வரை மெஷின் ஓடும். மை டப்பா வைக்கிற ஷெல்ஃபின் மேல்தட்டில் ஒரு பழைய ரேடியோ. ஏரியல் முறிந்து போய், அதற்குப் பதில் செம்புக் கம்பி சுற்றி ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறோம். அதில் தினமும் ராத்திரி 9 மணியிலிருந்து 11 மணி வரை ஒருத்தர் பேசுவார். 17 வருஷமாகப் பேசினார். அவர் பேரையும் சொல்லப் போவதில்லை, எஃப்எம் பேரையும் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு அவர் 'அண்ணன்'. எங்கள் பைண்டருக்கு 60 வயது, அவருக்கும் அண்ணன்தான்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல "நாளைக்குப் பார்ப்போம்" என்று முடித்தார். வெள்ளிக்கிழமை 9 மணிக்கு பாட்டு வந்தது. அது முடிந்து விளம்பரம், அப்புறம் இன்னொரு பாட்டு. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். சனிக்கிழமையும் அதேதான். திங்கட்கிழமை ஒரு புதுக்குரல் "ஹாய் மக்களே" என்றது. அண்ணன் எங்கே, என்ன ஆனார்? ஒரு வார்த்தை கிடையாது. நிலையத்துக்குப் போன் போட்டேன். "மேனேஜ்மென்ட் மாறியிருக்கு சார், புது ஃபார்மெட்" என்றார்கள். ஆள் எங்கே என்று கேட்டால் ஃபார்மெட் என்கிறார்கள்!

முதலாளி மாறுவது உலகத்தில் நடக்காததா? எங்கள் பிரஸ்ஸே கைமாறி வந்ததுதான். கடையை வாங்கியபோது பழைய முதலாளி ஒரு மாதம் கூடவே உட்கார்ந்து, "இனிமே தம்பிகிட்ட குடுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். 500 பத்திரிகை அடிக்கிற கடைக்கே இந்த மரியாதை உண்டு. ஊரே கேட்கிற ரேடியோவுக்குக் கிடையாதா? கடைசி நாள் ஒரு 5 நிமிஷம் மைக்கைக் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவார் என்று பயமாம். 17 வருஷம் நேரலையில் பேசிய மனுஷனுக்கு என்ன பேசுவது என்று தெரியாதா?

முதலாளி மாறினதும் ஆளை அனுப்புகிற இந்தப் பழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில் கேஎல்ஓஎஸ் என்றொரு ராக் வானொலி. அங்கே ஜிம் லாட் என்ற அறிவிப்பாளர், எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதை அந்த நிமிஷத்தில் தானே முடிவு செய்து போடுவார். பெரிய வணிக நிலையங்களில் அப்படி மிச்சமிருந்த கடைசி ஆட்களில் ஒருவர். 2011-ல் அந்த நிலையத்தை வைத்திருந்த சிட்டாடல் கம்பெனியை க்யூமுலஸ் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே ஆள் வெளியே. அவர் சாட்டிலைட் ரேடியோவுக்குப் போய் அதே வேலையைச் செய்தார். வாங்கின கம்பெனி 2017-ல் கடன் தாங்காமல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. (இதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன்.)

சரி, நம்ம கதைக்கு வருவோம். நம் நாட்டில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது; ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் டிராஃபிக், மழை, கரண்ட், குடிதண்ணீர், பரீட்சை ரிசல்ட், வேலைவாய்ப்பு இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது, சொல்லலாம் என்று 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த எஃப்எம் மூன்றாம் கட்டக் கொள்கையிலேயே இருக்கிறது. அதாவது, உள்ளூர் விஷயம் பேசத்தான் வழி விட்டிருக்கிறார்கள். அண்ணன் அதைத்தான் செய்தார். ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணி, பைக்காரங்க மேம்பாலம் ஏறிப் போங்க என்பார். பஸ்ஸில் மார்க்‌ஷீட்டைத் தொலைத்த பையன் போன் பண்ணினால், அந்த பஸ் நம்பரை மூன்று தரம் சொல்வார். ஒரு தடவை மாப்பிள்ளை பேரில் எழுத்துப் பிழையோடு 300 பத்திரிகை அடித்துத் தொலைத்து, நாங்களே புலம்பிக்கொண்டு போன் பண்ணினோம். "மாப்பிள்ளைக்கு இப்பவே பேர் மாறிடுச்சா, கல்யாணத்துக்கு அப்புறம் இன்னும் என்னென்ன மாறுமோ" என்றார். ராத்திரி 10 மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

அதே கொள்கைதான், ஒரு கம்பெனி தன் நிலையங்களை நாடு முழுக்க இணைத்து ஒரே நிகழ்ச்சியைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அனுமதி கொடுத்தது. புது முதலாளிக்கு இந்த வரி மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. இப்போது வருகிற குரல் சென்னையில் முன்கூட்டியே பதிவு செய்தது. போன வாரம் "வெளியே செம மழை, சூடா பஜ்ஜி சாப்பிடுங்க மக்களே" என்கிறது. இங்கே வெயிலில் மை காய்கிறது, பேப்பர் சுருள்கிறது. அந்தப் பொண்ணு மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறது, நாளைக்கு அதையும் இப்படித்தான் அனுப்புவார்கள்.

பாட்டையாவது உருப்படியாகப் போடுகிறார்களா? ஒரு நாள் வீம்புக்கு எண்ணினேன். சாயங்காலம் 6 மணியிலிருந்து ராத்திரி 10 மணிக்குள் ஒரே பாட்டு மூன்று தடவை. மென்பொருள் தேர்ந்தெடுக்கிறதாம். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர் என் அப்பா. மயில்வாகனன், அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் பேரைச் சொல்லித்தான் நிகழ்ச்சியைச் சொல்வார். கடல் தாண்டி வந்த குரலுக்கே ஒரு பேர் இருந்தது. இங்கே ஊருக்குள் இருக்கிற டவரிலிருந்து பேரில்லாமல் ஏதோ வருகிறது.

"எங்க நிலையம், எங்க இஷ்டம்" என்பீர்கள். டவர் உங்களுடையது, ஏசி ரூம் உங்களுடையது. அலைவரிசை? காற்றலை பொதுச் சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. நீங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். குத்தகைக்கு வந்தவர், தோட்டத்தில் 17 வருஷம் நின்ற மரத்தை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிட்டு, காலையில் "ஹாய் மக்களே" என்றால் எரியுமா எரியாதா?

அண்ணனைத் திரும்பக் கூப்பிட மாட்டீர்கள், தெரியும். குறைந்தபட்சம் அந்த ஜவுளிக்கடை விளம்பரத்தையாவது மாற்றித் தொலையுங்கள். தினமும் 9:10-க்கு வருகிறதே, அதில் இன்னும் அவர் குரல்தான் ஓடுகிறது. ஆள் வேண்டாம், குரல் மட்டும் காசுக்கு வேண்டுமாக்கும்! ஒவ்வொரு தடவையும் பைண்டர் வேலையை விட்டுவிட்டு, "அண்ணன் வந்துட்டாரா?" என்று ரேடியோவை நிமிர்ந்து பார்க்கிறார்.