மாட்டு ஊர்வலத்துக்கு டிக்கெட் கிடையாது

அமெரிக்காவின் டெக்சஸில், ஃபோர்ட் வொர்த் நகரின் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸில் நீளக்கொம்பு மாடுகளின் ஊர்வலத்தைப் பார்க்க முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மையில் கட்டணம் எதுவும் இல்லை. கிழக்கு எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில், பொதுத் தெருவிலேயே, காலை 11.30 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடுகளை ஓட்டி வருகிறார்கள். ஓரமாக நின்றாலே போதும். குதிரைமேல் மேய்ப்பர்கள் உடன்வர, ஆளுயரத்துக்கு விரிந்த கொம்புகள் சில அடி தூரத்தில் நிதானமாக அசைந்து போகும். (குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

டிக்கெட் தேவைப்படுவது, 1908இல் கட்டிய கௌடவுன் கொலிசியம் அரங்கில் நடக்கும் ரோடியோவுக்கு, அதாவது குதிரை, காளைகளை அடக்கி ஓட்டும் போட்டிக்கு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஸ்டாக்யார்ட்ஸின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஊர்வலத்துக்கான பக்கத்தைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம். வானிலை மோசமானால் ரத்தாவதும் உண்டு. கிளம்பும் முன் அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.